400 கி.மீ. உயரத்தில் தராசு என்ன காட்டும்?

கேள்வி: மார்ச் 2

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, "அங்கே ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள்" என்றாள். ஆமாம் என்றேன். உடனே அடுத்ததைக் கேட்டாள்: "400 கிலோமீட்டரில் ஒன்றுமே இல்லையென்றால், வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்க வேண்டுமே? 9 கிலோமீட்டர் மலை உச்சியில் நம் எடை எவ்வளவு குறையும்?" நேர்விகிதத்தில் கணக்குப் போட்டேன். 70 கிலோ ஆள் ஒன்றரை கிலோவுக்கு மேல் இழக்க வேண்டும். மலையேறிய யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கே பிழை?

மார்ச் 2, இரவு

பெருக்கலில் பிழை இல்லை. நீங்கள் "ஆமாம்" என்றீர்களே, அங்கேதான் பிழை.

400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு இருக்கிறது. தரையில் இருப்பதில் 88 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறது. அங்கே ஒரு கோபுரத்தைக் கட்டி, அதன் உச்சியில் குளியலறைத் தராசை வைத்து ஏறி நின்றால், 70 கிலோ ஆளுக்கு அது 62 கிலோ காட்டும்.

தூரத்தைத் தரையிலிருந்து அளக்கும் பழக்கம்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஈர்ப்புக்குத் தரை ஒரு பொருட்டே அல்ல. புவி மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே அதற்குக் கணக்கு. தரையில் நிற்கும் நாம் ஏற்கெனவே மையத்திலிருந்து 6,371 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறோம். விண்வெளி நிலையம் 6,771 கி.மீ. தள்ளி இருக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்து இருமடி எடுத்தால் 0.885. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளிடம் 30 செ.மீ. குறுக்களவுள்ள உலக உருண்டையைக் காட்டுங்கள். விண்வெளி நிலையம் அதன் மேல்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூடத் தள்ளி இல்லை.

மார்ச் 3

மலைக்கணக்கை நேற்று விட்டுவிட்டேன். எவரெஸ்ட் 8,849 மீட்டர். அந்த உயரத்துக்கு 0.28 விழுக்காடு குறைகிறது. 70 கிலோவில் ஏறக்குறைய 195 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் 22 கிராம். முழுதாக ஒரு கிலோ குறைய 46 கி.மீ. ஏற வேண்டும். பாதியாகக் குறைய 2,640 கி.மீ. கால் பங்காகக் குறைய, புவியின் ஆரம் அளவுக்கே, அதாவது 6,371 கி.மீ. மேலே போக வேண்டும்.

கல்லூரியில் படித்தபோது இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. ஒரு வில் தராசையும் ஒரு கிலோ எடைக்கல்லையும் பையில் போட்டுக்கொண்டு 2,000 மீட்டர் உயர மலைக்கு ஏறினேன். உச்சியில் காற்று படாத பாறை மறைவில் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். கீழே நின்ற கோட்டிலேயே நின்றது. இறங்கி வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். குறைய வேண்டியது 0.6 கிராம், என் தராசின் இரண்டு கோடுகளுக்கு இடைவெளி 10 கிராம். கணக்கை முன்பே போட்டிருந்தாலும் ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 4

"88 விழுக்காடு இருக்கிறதென்றால் ஏன் மிதக்கிறார்கள்?" என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டு பேரை ஒப்பிடுங்கள். 2012 அக்டோபரில் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் ஹீலியம் பலூனில் 39 கி.மீ. உயரத்துக்குப் போனார். வானம் கறுத்துவிட்டது, காற்று அநேகமாக இல்லை, கீழே புவியின் வளைவு தெரிகிறது. அவர் மிதக்கவில்லை. படியில் காலூன்றி நின்றுவிட்டுத்தான் குதித்தார். அந்த உயரத்தில் எடை 1.2 விழுக்காடு குறைந்திருக்கும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பயிற்சி விமானங்கள் இருக்கின்றன. அவை ஏறத்தாழ 8 கி.மீ. உயரத்தில் பரவளையப் பாதையில் எழும்பி இறங்கும்போது, உள்ளே இருப்பவர்கள் 20 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக விண்வெளி வீரர்களைப் போலவே மிதக்கிறார்கள். அதிக உயரத்தில் இருந்தவர் மிதக்கவில்லை, குறைந்த உயரத்தில் இருந்தவர்கள் மிதந்தார்கள். ஆக, மிதப்பதற்கும் உயரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

வேறுபாடு காலடியில் இருக்கிறது. பலூன் கூண்டின் தளம் பாம்கார்ட்னரைத் தாங்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் தளமோ உள்ளிருப்பவர்களோடு சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தது. தாங்க எதுவும் இல்லாதபோது எடை என்ற உணர்வே இல்லை. விண்வெளி நிலையமும் இப்படித்தான் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு விநாடியில் புவியை நோக்கி 4.3 மீட்டர் விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் 7.66 கி.மீ. ஓடுகிறது. அத்தனை தூரத்தில் புவியின் பரப்பும் அதே 4.3 மீட்டர் வளைந்து கீழே போய்விடுகிறது. அதனால் விழுந்தும் தரையைத் தொடுவதில்லை.

நிலாவும் விழுகிறது. அது 60 புவி ஆரத் தொலைவில் இருப்பதால் அங்கே புவியின் இழுப்பு 3,600-இல் ஒரு பங்கு. கையிலிருந்து விட்ட கல் ஒரு விநாடியில் விழும் 4.9 மீட்டரை நிலா ஒரு நிமிடத்தில் விழுகிறது. நியூட்டன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கல்லையும் நிலாவையும் இழுப்பது ஒன்றே என்று தெளிந்தார். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும் கணக்கு இது.

மார்ச் 5

என்னை நானே திருத்த வேண்டியிருக்கிறது. 3-ஆம் தேதிக் குறிப்பில் எவரெஸ்ட் உச்சியை வெறும் வானத்தில் தொங்கும் ஒரு புள்ளியாக நினைத்துக் கணக்கிட்டேன். காலுக்குக் கீழே ஒரு மலையே இருக்கிறது, அதுவும் இழுக்கும்.

இதை முதலில் அளந்து பார்த்தவர் பியேர் பூகே. 1730-களில் பிரெஞ்சுக் குழுவோடு தென் அமெரிக்காவுக்குப் போனவர், கடற்கரையிலும் கீட்டோ பீடபூமியிலும் பிச்சிஞ்சா மலையிலும் ஊசலை ஆட்டிப் பார்த்தார். ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். மேலே போகப் போக ஈர்ப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. இடையிலிருந்த பீடபூமியின் பாறை மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. புவியியற்பியலாளர்கள் இன்றைக்கும் போடும் 'பூகே திருத்தம்' இதுதான். சாதாரணப் பாறை பரந்து விரிந்து கிடந்தால், உயரத்தால் குறைவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே ஈடுகட்டிவிடும். நான் கல்லைச் சுமந்துகொண்டு ஏறினேனே, அங்கே 0.6 கிராம்கூடக் குறைந்திருக்காது. 0.4 என்பதே நியாயமான எண்.

அட்சரேகையும் உண்டு. நிலநடுக்கோட்டில் புவி புடைத்திருப்பதாலும் சுழல்வதாலும், கடல்மட்டத்திலேயே ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு) அங்கே 9.780 மீ/வி², துருவத்தில் 9.832. எவரெஸ்ட் ஏறிக் குறைப்பதைவிட, துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு வருவதால் குறைவது அதிகம். 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உலகம் முழுவதற்கும் கணக்கிட்டபோது, மிகக் குறைந்த ஈர்ப்பு எவரெஸ்டில் கிடைக்கவில்லை; பெருவின் வாஸ்கரான் மலையில், 9.7639. மிக அதிகம் ஆர்க்டிக் கடல் பரப்பில், 9.8337. ஆக, புவியின் மேற்பரப்பில் எந்த மூலைக்குப் போனாலும் 70 கிலோ ஆளின் எடையில் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் வராது.

மார்ச் 6

"கிலோமீட்டருக்கு 22 கிராம் என்றீர்கள். அப்படியே பெருக்கினால் 3,185 கி.மீ. உயரத்தில் 70 கிலோவும் தீர்ந்துவிடுகிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் தவறு, எல்லையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாடப்புத்தகத்தில் வருவதும் இதே சுருக்கக் கணக்குதான்: உயரத்தின் இருமடங்கை ஆரத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழி என்பார்கள். மலைக்கும் விமானத்துக்கும் அது போதும். 400 கி.மீ.க்கே அது 87.4 என்று காட்டும், உண்மை 88.5. அந்த 3,185 கி.மீ.யில் உண்மையில் 44 விழுக்காடு மிச்சம் இருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் பூஜ்யம் ஆகாது.

மார்ச் 9

"இவ்வளவு சிறிய மாற்றத்தை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா, எல்லாம் காகிதக் கணக்கா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. மலையில் கிடைக்காதது எனக்கு மாடியில் கிடைத்தது.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு மின்னணுத் தராசைத் தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடிக்கு மாற்றினோம். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு. கீழே 200 கிராம் எடைக்கல்லுக்குச் சரியாக 200.0000 காட்டியது, மேலே 199.9991 காட்டியது. கல்லில் தூசியோ கைரேகையோ இருக்கும் என்று துடைத்தோம். தராசு சாய்ந்திருக்குமோ என்று குமிழ்மட்டத்தைப் பார்த்தோம், குமிழ் நடுவில்தான் இருந்தது. தூக்கி வந்த சூட்டில் மாறியிருக்கும் என்று இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையிலும் 199.9991.

சக ஊழியர் ஒருவர் தராசு பழுது என்று எழுதித் தரச் சொன்னார். அப்போதுதான் படிக்கட்டுகளை எண்ணத் தோன்றியது. உயரம் ஏறக்குறைய 14 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஈர்ப்பு முப்பது லட்சத்தில் ஒரு பங்கு குறையும். 200 கிராமுக்குப் பெருக்கினால் 0.9 மில்லிகிராம். சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் புவியிலிருந்து 14 மீட்டர் விலகியதை அந்தத் தராசு சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பழுது என்று எழுதப் போனோம்.

தற்செயலாக இருக்கக்கூடாதே என்று, மேலேயே அளவுத்திருத்தம் செய்து 200.0000-க்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் கீழே எடுத்துப்போய் அதே கல்லை வைத்தோம். 200.0008. இந்த வகைத் தராசை இடம் மாற்றினால் அங்கேயே மறுபடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மார்ச் 10

இதே சோதனையை இரட்டைத் தட்டுத் தராசில் செய்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில்தான் குறையும். நிலாவுக்கே கொண்டுபோனாலும் முள் நடுவில்தான் நிற்கும். அது நிறையை ஒப்பிடுகிறது. வில் தராசும் மின்னணுத் தராசும் தாங்கும் விசையை அளந்துவிட்டு, அதைக் கிலோ என்ற நிறைக்கணக்கில் நமக்குச் சொல்கின்றன. "62 கிலோ காட்டும்" என்று நான் எழுதியபோதெல்லாம் இந்த இரண்டாம் வகைத் தராசையே குறிப்பிட்டேன். உடம்பில் உள்ள பொருள் 70 கிலோவாகவே இருக்கும், ஒரு துளியும் குறையாது.

மார்ச் 10, பின்னிரவு

படுத்த பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது: காற்று. தண்ணீரில் மூழ்கினால் எடை குறைவதுபோல, காற்றில் மூழ்கியிருப்பதாலும் கொஞ்சம் குறைகிறது. 70 கிலோ ஆள் ஏறக்குறைய 70 லிட்டர் இடத்தை அடைக்கிறார். கடல்மட்டத்தில் அவ்வளவு காற்றின் எடை 84 கிராம். இங்கே தராசு நம்மை 84 கிராம் குறைத்தே காட்டுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, அந்தத் தாங்கலும் குறைகிறது, தராசின் எண் சற்று ஏறுகிறது. எவரெஸ்ட் உயரத்தில் ஈர்ப்பு 195 கிராமைக் குறைத்தால், காற்று 50 கிராமைத் திருப்பித் தந்துவிடும். முழுதாக ஒரு கிலோ குறைய 46 கி.மீ. என்று சொன்னேன் அல்லவா? தராசின் எண்ணில் ஒரு கிலோ குறைய வேண்டுமானால் 50 கி.மீ. ஏற வேண்டும். அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 12

விமானத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. 11 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது உயரத்தால் மட்டும் 240 கிராம் குறையும். அதைவிடச் சுவையானது, எந்தத் திசையில் பறக்கிறீர்கள் என்பதும் எடையை மாற்றும் என்பது. புவி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. நீங்களும் கிழக்கே பறந்தால் அந்தச் சுழற்சியோடு உங்கள் வேகமும் சேர்ந்து, தரையை விட்டு விலகும் போக்கு கூடுகிறது. நிலநடுக்கோட்டின் மேல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கிழக்கே போனால் இன்னும் 330 கிராம் குறையும். அதே வேகத்தில் மேற்கே போனால் 190 கிராம் கூடும், உயரத்தால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். ஹங்கேரிய இயற்பியலர் ஏட்வேஷ், ஓடும் கப்பல்களில் எடுத்த ஈர்ப்பு அளவீடுகளில் கப்பலின் திசைக்கேற்ற மாற்றம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். 1908-இல் கருங்கடலில் இரண்டு கப்பல்களை ஓடவிட்டு அது உறுதி செய்யப்பட்டது.

ஒரே இருக்கை, ஒரே உயரம். போகும்போது ஓர் எடை, திரும்பும்போது வேறு எடை.

மார்ச் 15

"கோபுரத்தை இன்னும் உயர்த்திக்கொண்டே போனால்?" என்று கேள்வி கேட்டவரின் மகளே கேட்டிருக்கிறாள். ரஷ்ய விஞ்ஞானி சியால்கோவ்ஸ்கி 1895-இல் இதையே யோசித்தார்.

நிலநடுக்கோட்டில் நட்ட கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். அது புவியோடு சேர்ந்து நாளுக்கு ஒரு சுற்று சுற்றும். உயர உயர உச்சியின் வேகம் கூடும், ஈர்ப்பு குறையும். 35,786 கி.மீ. உயரத்தில் அந்த வேகத்தால் வரும் விலகும் போக்கும் ஈர்ப்பும் சரிசமமாகிவிடும். தராசில் ஏறி நின்றால் பூஜ்யம் காட்டும். ஜன்னல் வழியாக ஒரு பந்தை வெளியே விட்டால் விழாது, பக்கத்திலேயே நிற்கும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிவது அந்த உயரத்தில்தான். அங்கேயும் ஈர்ப்பு பூஜ்யமில்லை. 70 கிலோ ஆளை 1.6 கிலோ அளவுக்கு அது இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு மேலும் கோபுரம் நீண்டால் உங்கள் தலை கூரையில் போய் ஒட்டும். தராசைக் கூரையில்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

மார்ச் 16

எடை என்றால் ஈர்ப்பு இழுக்கும் விசையா, தராசு காட்டுவதா என்று இரண்டு பேர் இங்கே கடுமையாக வாதாடியிருக்கிறீர்கள். பாடப்புத்தகம் முதலாவதைச் சொல்கிறது. அதன்படி விண்வெளி வீரருக்கு எடை உண்டு. நம் உடம்பு அறிவது இரண்டாவதை மட்டும்தான். வெறும் ஈர்ப்பை உணர நமக்குப் புலன் எதுவும் கிடையாது, தரை நம்மைத் திருப்பித் தள்ளுவதையே உணர்கிறோம். இந்த இழையைத் தொடங்கியபோது நான் பாடப்புத்தகத்தின் பக்கம் இருந்தேன். இப்போது மனம் மாறிவிட்டது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது 'ஈர்ப்பு', 'தாங்கல்' என்று இரண்டு சொற்களைக் கொடுத்துவிட்டு, 'எடை' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒத்திவைப்பது நல்லது. "எடையற்ற நிலை" என்ற சொல்தான் மகளை "ஈர்ப்பற்ற நிலை"க்கு இட்டுச்சென்றது.

மார்ச் 20

மேலே போனால் குறைகிறது, கீழே சுரங்கத்தில் இறங்கினால் கூடுமா? கூடும். "ஆழத்துக்குப் போனாலும் குறையும்" என்று பள்ளியில் படித்தது, புவி முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் நடுவில் கனத்த இரும்புக் கருவம் இருக்கிறது, நாம் மேலே மெல்லிய பாறை ஓட்டில் நிற்கிறோம். இறங்கும்போது கருவத்தை நெருங்குவதால் கிடைக்கும் லாபம், மேலே விட்டுவந்த பாறையின் நஷ்டத்தைவிட அதிகம். 1854-இல் ஜார்ஜ் ஏரி (George Airy) என்ற வானியலாளர் இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், ஏறக்குறைய 380 மீட்டர் ஆழத்தில் ஊசலை ஆட்டினார். மேலே இருந்ததைவிட நாளுக்கு 2.24 விநாடி வேகமாக ஓடியது. கருவத்தின் எல்லையில், 2,890 கி.மீ. ஆழத்தில், ஈர்ப்பு உச்சம் தொடுகிறது: 10.7 அளவில். அதற்குப் பிறகுதான் மையம் வரை சரிந்து பூஜ்யமாகிறது.

மார்ச் 21

ஊசலைச் சொன்னதும் கடிகாரம். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவில் உள்ள கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. எடை இடத்துக்கு இடம் மாறும் என்று உலகம் அறிந்தது அப்படித்தான். உயரத்திலும் அதே கதை: ஒரு கிலோமீட்டர் மேலே ஊசல் கடிகாரம் நாளுக்குப் பதின்மூன்று விநாடிக்கு மேல் பின்தங்கும். அதே இடத்தில் வைத்த அணுக்கடிகாரமோ முந்தும், நாளுக்கு 9 நானோவிநாடி. முதலாவது ஈர்ப்பால் ஆடும் கருவி, அது குறைந்தால் சோம்பும். இரண்டாவது காட்டுவது காலமே மேலே சற்று வேகமாக ஓடுவதை. அது தனி இழைக்கு உரியது, இங்கே இழுக்க மாட்டேன்.

மார்ச் 24

கேள்வி கேட்டவருக்கு ஒரு சோதனை. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் இரண்டு துளை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, மூடாமல் பிடித்தால் துளை வழியே பீச்சும். அப்படியே மாடியிலிருந்து கீழே விடச் சொல்லுங்கள். விழும் அந்த ஒரு விநாடிக்குள் தண்ணீர் பீச்சுவது நின்றுவிடும். பாட்டில் தண்ணீரைத் தாங்கவில்லை, தண்ணீர் பாட்டிலை அழுத்தவில்லை, இரண்டும் ஒன்றாக விழுகின்றன. விண்வெளி நிலையத்தின் உள்ளே நடப்பது இதுவே.

மார்ச் 27

பதில் வந்திருக்கிறது. கீழே விட்டபோது நின்றதாம். பிறகு நான் சொல்லாத ஒன்றை அவள் செய்திருக்கிறாள். பாட்டிலை மேல்நோக்கி எறிந்திருக்கிறாள். கையை விட்ட கணத்திலேயே, ஏறும்போதே, பீச்சுவது நின்றுவிட்டதாம். "மேலே போகும்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறதா?" என்று கேட்கச் சொன்னாளாம்.

ஆமாம். கை விட்டதிலிருந்தே. எஞ்சின் அணைந்த ராக்கெட்டிலும் அப்படித்தான், இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மிதக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.